பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தென்காசியில் வீடு தேடினோம்

தென்காசிக்குப் போகிறேன் என்றதும் எங்கள் தைப்பிங்கில் எல்லாரும் கேட்டது, "குற்றாலத்தில் குளிக்கவா?" என்றுதான். இல்லை, நான் போனது வீடு கேட்க. பன்னிரண்டு பள்ளிப் பிள்ளைகள் தங்க ஆறு வீடு வேண்டும், ஒரு வீட்டுக்கு இரண்டு பேர். அது கிடைக்காமல் திரும்புவதில்லை என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு ஜூலை மாதம் விமானம் ஏறினேன். குளித்ததையும் எழுதுகிறேன், கவலைப்படாதீர்கள்.

முதலில், ஏன் தென்காசி என்று சொல்லிவிடுகிறேன். தைப்பிங் மலேசியாவில் மழைக்குப் பேர்போன ஊர். தென்காசிக்காரப் பையன் ஒருவர் கோலாலம்பூரில் கணினி வேலை பார்க்கிறார். ஒரு வார இறுதியில் எங்கள் ஊருக்கு வந்தவர், மலையடிவாரத் தூறலில் நின்றுகொண்டு "நம்ம ஊர்ச் சாரல் மாதிரியே இருக்கு" என்று அப்பாவுக்கு வீடியோ அனுப்பினார். அந்த அப்பாதான் சங்கரலிங்கம் அண்ணாச்சி. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீடியோவில் தொடங்கி, அங்கே ஒரு நட்புக் குழு, இங்கே ஒரு நட்புக் குழு என்று வளர்ந்தது. நாங்கள் நகராட்சிகள் கையெழுத்துப் போட்ட சகோதர நகரங்கள் அல்ல. அப்படி ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிற இரண்டு ஊர்க்காரர்கள், அவ்வளவுதான்.

முதல் காரியமாக, அடுத்த விடுமுறையில் எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தென்காசி வீடுகளில் ஒரு வாரம் தங்குவது என்றும், அதற்கடுத்த விடுமுறையில் அவர்கள் பிள்ளைகள் எங்கள் வீடுகளுக்கு வருவது என்றும் பேசினோம். அதற்கு முன்பு பெரியவர்கள் ஏழு பேர் போய்ப் பார்த்துவிட்டு வருவது. நான் குழுவின் செயலாளர். பாலர் பள்ளி நடத்துவதால் எல்லாருக்கும் டீச்சர். தலைவர் மணியம் அண்ணன், அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். ஆனால் எங்கள் ஊரில் அவர் சரி என்றால்தான் பெற்றோர் பிள்ளையை அனுப்புவார்கள். அவர் வேண்டாம் என்றால் என் செயலாளர் பதவியை வைத்துக்கொண்டு நான் தேநீர் ஆற்றலாம்.

தென்காசிக்கு மதுரை வழியாகவும் போகலாம். நாங்கள் கோலாலம்பூரிலிருந்து நேராகத் திருவனந்தபுரம் போனோம். நாலு மணி நேரப் பயணம். இரவு அங்கேயே தங்கிவிட்டுக் காலை ஏழு மணிக்கு வேன் எடுத்தோம். குற்றாலம் வரை கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர், 7,500 ரூபாய். ஓட்டுநர் செங்கோட்டைக்காரர், பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் பேசினார். குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு என்று மலை ஏறி, புளியரையில் இறங்கியதும் காற்று மாறியது. மலையின் அந்தப் பக்கம் மழை கொட்டியது, இந்தப் பக்கம் வெயிலும் தூறலும் ஒன்றாக இருந்தன. அருவியில் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். "மழை கூடிப்போச்சுன்னா குளிக்க விடமாட்டாவ, மழை இல்லன்னா அருவியே கிடையாது. ரெண்டுக்கும் நடுவுல வந்துரணும்" என்றார். திட்டமிடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். இதைவிடத் துல்லியமான வானிலை அறிக்கை எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் ஏமாற்றம் குற்றாலத்தில் காத்திருந்தது. வீடுகளில் தங்க வைப்பதாகத்தான் பேச்சு. அண்ணாச்சி எங்களை அழைத்துப் போனது ஒரு ஓட்டலுக்கு. சீசன் நேரத்தில் அறை 2,400 ரூபாய். நாலு அறைக்கும் அவரே முன்பணம் கட்டியிருந்தார். "வீட்டுல உங்களுக்கு வசதி பத்தாது டீச்சர்" என்றார். வசதிக்காக வரவில்லையே என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு பை நிறைய ரம்புத்தானும் மங்குஸ்தானும் நீட்டினார். எங்கள் ஊரில் வேலிக்கு வேலி தொங்குகிற பழத்தை இங்கே கிலோ கணக்கில் விலை கொடுத்து வாங்கி எங்களுக்கே தருகிறார். அந்த அன்புக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நாலு பழத்தை அங்கேயே உரித்துத் தின்றேன்.

அடுத்த ஒன்றரை நாளும் பொன்னாடை. பள்ளியில் ஒன்று, நூலகத்தில் ஒன்று, வணிகர்கள் கூட்டத்தில் ஒன்று. ஒவ்வொரு மேடையிலும் "கடல் கடந்த உறவுகளே" என்று ஆரம்பித்தார்கள். யார் வீட்டு வாசலையும் நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு நிற்கும்போதெல்லாம் என் மனசு ஆறு வீட்டைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. இடையில் ஒரு விடியற்காலையில் ஐந்தருவிக்குப் போனோம். தென்காசியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோவுக்கு 300 ரூபாய் கொடுத்தோம். பெண்களுக்குத் தனிப் பக்கம், தனி வரிசை. தண்ணீர் தலையில் விழுந்த வேகத்தில் அரை நிமிடம் நான் யார் எவர் என்பதே மறந்துபோனது. சனி, ஞாயிறு போகாதீர்கள், வரிசையிலேயே பாதி நாள் போய்விடும்.

மூன்றாம் நாள் மதியம் அண்ணாச்சி வீட்டில் விருந்து. ஒருவழியாக ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டோம் என்று எனக்கு உற்சாகம். தென்காசிக் கோயிலுக்கு நாலு தெரு தள்ளிய பெரிய வீடு. அண்ணாச்சியின் மனைவி கோமதி அக்கா சொதி வைத்திருந்தார். தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டுச் செய்கிற குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். கல்யாணம் முடிந்த மறுநாள் விருந்துக்கு வைப்பதாம். நாங்கள் ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். அண்ணாச்சியும் கோமதி அக்காவும் உட்காரவில்லை, நின்று பரிமாறினார்கள். விருந்தாளி சாப்பிட்ட பிறகுதான் வீட்டுக்காரர் உட்காருவது அந்தப் பக்கத்து மரியாதை.

பரிமாறிக்கொண்டே அண்ணாச்சி ஒவ்வொருவரிடமும் பூர்வீகம் விசாரித்தார். நான் சிவகங்கைப் பக்கம் என்றேன். அங்கே எந்த ஊர், எந்தத் தெரு என்றார். தெரு யாருக்குத் தெரியும், தாத்தா கப்பல் ஏறியதோடு சரி என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அடுத்த ஆளிடமும் அதே கேள்வி. பிறகு மணியம் அண்ணனிடம் வந்தார். மணியம் அண்ணன், கடையநல்லூர்ப் பக்கம் என்றார். அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, நம்ம ஊர்க்காரரால்லா இருக்கீய. எந்தக் கிராமம், எந்தத் தெரு?"

மணியம் அண்ணன் கிராமத்தின் பெயரைச் சொன்னார். தெருவைச் சொல்லவில்லை. அண்ணாச்சி கரண்டியோடு நின்றார். "மேலத்தெருவா, கீழத்தெருவா?" என்றார். மணியம் அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்து, கை கழுவி, விருந்துக்கு எங்களை ஏற்றி வந்த வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணாச்சி கேட்ட குரலில் கெட்ட எண்ணம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அதனால் நான்தான் முட்டாள்தனமாக, அவருக்கு வயிறு சரியில்லை என்று சமாளித்தேன்.

வேனில் அவர் சொன்னது ஒன்றுதான். "ஊரைக் கேட்டா ஊர் தெரியணும்னு அர்த்தம் டீச்சர். தெருவைக் கேட்டா ஆளு யாருன்னு தெரியணும்னு அர்த்தம். எங்க தாத்தா இந்தக் கேள்விக்குப் பயந்துதான் கப்பல் ஏறுனாரு." மறுநாளே திருவனந்தபுரம் திரும்பிவிடுவதாகவும், பிள்ளைகளை இங்கே அனுப்பச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். நம் ஊரிலும் கல்யாணம் என்று வந்தால் இதே கேள்வி வருகிறதுதானே என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. ஒரு நாள் பொறுங்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்குக் கோபம் வந்தால் பசிக்கும். மறுநாள் காலையில் பசியாறாமலே ஆட்டோ பிடித்து அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். கோமதி அக்கா கதவைத் திறந்தார். சுற்றி வளைக்காமல், வீடு தருவதாகச் சொல்லிவிட்டு எங்களை ஏன் ஓட்டலில் போட்டீர்கள் என்று கேட்டேன். அக்கா என்னைச் சமையலறையில் உட்கார வைத்து, இட்லித் தட்டை வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"ஆறு வீடு சொல்லித்தான் வச்சிருந்தாவ டீச்சர். வாரவங்க யாரு என்னன்னு தெரியணும்னு ரெண்டு வீட்டுல கேட்டுட்டாவ. அதுல ஒண்ணு இவங்க கூடப்பொறந்த அண்ணன் வீடு. அண்ணன் கேட்டதும் மத்தவங்களும் பின்வாங்கிட்டாவ. உங்கட்ட எப்பிடிச் சொல்லுததுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு இவங்க ஓட்டல்ல பணத்தக் கட்டிட்டாவ."

அப்படியென்றால் நேற்றுத் தெரு கேட்டது அண்ணனுக்குப் பதில் சொல்லவா என்று கேட்டேன். அக்கா தலையசைத்தார். எல்லாரும் அண்ணனுக்குப் பிடித்த தெருவாக இருந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருக்கிறார் மனுஷர். வங்கியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்கு இது தீர்வாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அவர்மேல் பரிதாபமும் வந்தது, எரிச்சலும் வந்தது, எரிச்சல்தான் கூட. எங்கள் பிள்ளைகளில் யார் எந்தத் தெரு என்று நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை, சொல்ல எனக்குத் தெரியவும் தெரியாது, கேட்கிற வீட்டில் அவர்கள் தங்கவும் மாட்டார்கள் என்றேன். கோமதி அக்கா அடுப்பை அணைத்தார். "அப்ப கேக்காத வீட்டத் தேடுவோம். மொதல்ல எங்க வீட்ட எழுதிக்கிடுங்க" என்று சொல்லிச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தார்.

நாள் முழுக்க ஆட்டோ பேசினோம், 1,200 ரூபாய். முதலில் போனது அண்ணாச்சியின் அண்ணன் வீட்டுக்கு. போக வேண்டாம் என்று நான் சொன்னேன். சொல்லாமல் விட்டால் அவர்களைத் தாண்டிப் போனதாக ஆகும் என்றார் அக்கா. காப்பி வந்தது. அண்ணனின் மனைவி இனிமையாகப் பேசினார், எங்கள் ஊர் மழையைப் பற்றிக் கேட்டார். பிறகு, "நம்ம ஆளுங்க பிள்ளைங்கதான?" என்றார். கோமதி அக்கா காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "பிள்ளைங்கதான்க்கா வருது" என்று சொல்லி எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஆட்டோக்காரரிடம் அடுத்த வீட்டுக்கு வழி சொன்னார்.

அடுத்து மூன்று வீட்டில் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம், இது எல்லா ஊரிலும் ஒன்றுதான். மதியத்துக்கு மேல், வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கிற ஓர் இளம் தம்பதி சரி என்றார்கள். அங்கிருந்து கடையநல்லூர் போனோம். தென்காசியிலிருந்து பதினேழு கிலோமீட்டர். கோமதி அக்காவுடன் கல்லூரியில் படித்த ஜமீலா அங்கே இருக்கிறார். கணவரும் இரண்டு கொழுந்தன்மாரும் துபாயில். வீட்டில் பெண்கள் மட்டும் என்பதால் பெண் பிள்ளைகளாக அனுப்பச் சொன்னார். நான் தயங்கித் தயங்கி, வருகிறவர்களைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமா என்று கேட்டேன்.

"எங்க வீட்டு ஆம்பளைங்க மூணு பேரும் எவன் ஊர்லயோ எவன் கட்டில்லயோ படுத்துக் கெடக்காவ. நான் போயித் தெரு விசாரிப்பேனாக்கும்?" என்றார் ஜமீலா. அப்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டில் அவர் வைத்திருந்த ஊறுகாய் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பி வந்தபோது ஓட்டல் வாசலில் அண்ணாச்சி நின்றார். கோமதி அக்கா எல்லாவற்றையும் போனில் சொல்லியிருந்தார். அண்ணாச்சி நேராக மணியம் அண்ணனிடம் போய், நான் கேட்டது தப்பு என்றார். மணியம் அண்ணன் பெட்டி கட்டி முடித்திருந்தார். பரவாயில்லை என்று அவர் சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். அவர் சொல்லவில்லை. "நீங்க கேட்ட தெருவுக்கு நானும் போனதில்ல. காலைல கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

காலையில் அண்ணாச்சியின் காரில் போனோம். அண்ணாச்சி ஓட்ட, மணியம் அண்ணன் பக்கத்தில், நான் பின்னால். அந்தக் கிராமத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று மணியம் அண்ணன் கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே. ஊருக்குள் வந்ததும் அண்ணாச்சி வண்டியை நிறுத்தி ஒரு கடையில் வழி கேட்டார். மணியம் அண்ணன் அந்தத் தெருவின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். கடைக்காரர் காரைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், பிறகு வாய்க்காலைத் தாண்டிக் கை காட்டினார்.

மணியம் அண்ணனுடைய தாத்தாவின் பெயர் அங்கே யாருக்கும் தெரியவில்லை. கட்டித் தழுவ ஓர் உறவினரும் கிடைக்கவில்லை. ஓட்டு வீடுகளும் புதுக் காரை வீடுகளுமாக ஒரு சாதாரணத் தெரு. தென்காசியில் தனியார் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிற முத்துமாரி என்ற பெண் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலி எடுத்துப் போட்டார். அண்ணாச்சி கார் கதவைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வாருங்கள் என்று நான் வேண்டுமென்றேதான் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் வருகிற கதையை நான் சொல்லி முடித்ததும், மாடி அறை சும்மாதான் கிடக்கிறது, இரண்டு பேரை இங்கே விடுங்கள் என்றார் முத்துமாரி. அவர் கேட்ட ஒரே கேள்வி, "பிள்ளைங்களுக்கு எரிப்பு சேருமா?" காரம் தின்பார்களா என்று கேட்கிறார். தைப்பிங் பிள்ளைகள் மிளகாய்ச் சம்பலில் பிறந்து வளர்ந்தவர்கள் என்று சொன்னேன்.

காரில் ஏறுவதற்கு முன் அண்ணாச்சி பேசினார். "எத்தன வருஷமா இந்த ரோட்டுல போயிட்டு வாரேன். ஒரு நாள் உள்ள திரும்புனதில்ல."

"தெரியும்" என்றார் மணியம் அண்ணன். பிறகு, "என் பேத்தி யாழினியும் வாரா. அவ உங்க வீட்டுலதான் தங்கணும். தெருவச் சொல்லிட்டுத்தான் உள்ள வருவா" என்றார்.

அண்ணாச்சி அந்தத் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

"வரட்டும்" என்றார் அண்ணாச்சி. "எங்க அண்ணன்ட்ட நானே போயிச் சொல்லுதேன். பேச்ச நிறுத்திருவாவ. நிறுத்தட்டும்."

அன்று மாலையே போய்ச் சொன்னார். அண்ணன் வீட்டில் பேச்சை நிறுத்தியும் விட்டார்களாம்.

ஆக, ஆறு வீடு கிடைக்கவில்லை. நாலுதான் கிடைத்தது. மீதி நாலு பிள்ளைகளை ஓட்டலில் தங்க வைக்கலாமே என்று குழுவில் சொன்னார்கள். முடியாது என்றேன். எட்டுப் பேர் போவார்கள், நாலு பேர் காத்திருப்பார்கள். அதற்குள் கோமதி அக்கா இன்னும் இரண்டு வீடு பிடிக்காமல் விடமாட்டார். நானும் விடமாட்டேன். வாரம் ஒருமுறை போன் செய்து அவரைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறேன்.

இப்படி ஊரோடு ஊர் நட்பு வைக்கப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விசா, வேன் எல்லாம் சுலபம். அருவிக்காக ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டுக்குள் போங்கள். அறையை ஒரு மாதம் முன்பே பிடியுங்கள். பண்பொழி மலைக்கோயிலுக்கு விடியலில் ஏறினால் வெயில் இல்லை, படி ஏற முடியாதவர்களுக்கு மேலே வரை சாலையும் இருக்கிறது. பொன்னாடைக்குப் பெட்டியில் இடம் விட்டுக்கொள்ளுங்கள். மேடை ஒரு நாள் போதும், மீதி நாளுக்கு வீடு கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். வீடு தரத் தயங்கினால் ஏன் என்று கேளுங்கள், பதில் கசப்பாக இருந்தாலும் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் குழுவில் ஒருவர் சாப்பாட்டிலிருந்து எழுந்தால், வயிறு சரியில்லை என்று மட்டும் சமாளிக்காதீர்கள். அந்த இடத்தில் நான் செய்ததை நினைத்தால் இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் மணியம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். யாழினிக்குப் பதின்மூன்று வயது. அவளை உட்கார வைத்து அந்தத் தெருவின் பெயரைச் சொன்னாராம். அவருடைய சொந்த மகனுக்கே இத்தனை வருஷம் சொல்லாத பெயர். மகனும் பக்கத்தில் உட்கார்ந்து அன்றுதான் கேட்டிருக்கிறார். யாழினி ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் சோத்துல இருந்து எழுந்தீங்களா தாத்தா?" என்று கேட்டாளாம்.

"இதுக்குத்தான்" என்றாராம்.